ஒரே மலை, பல பட்டன்: வரைபு காட்டுவோருக்குச் சில ஆலோசனைகள்

தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுக்கத் தெரிந்தவருக்கு டாஷ்போர்ட் ஒன்றும் பெரிய வித்தையில்லை. திரையில் ஒரு வரைபு, மேல் மூலையில் ஒரு பட்டியல். பட்டியலைத் தொட்டால் தரவு மூலங்கள் வரிசையாக இறங்கும். ஒன்றை விட்டு இன்னொன்றைத் தொட்டால் கோடு மாறும், தலைப்பு மாறாது. தலைப்பு மாறாததுதான் இந்தக் கலையின் உயிர், அதைப் பத்திரமாகக் காப்பாற்றுங்கள்.

முதலில் யாருக்குக் காட்டப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். எது உண்மை என்பதைப் பிறகு பார்க்கலாம். இலங்கை மலையகத்தின் கொட்டகலைக்கு வாகனத்தில் வந்திறங்குபவர் அநேகமாக அமைச்சரின் ஆள், தோட்டக் கம்பனியின் ஆள், இல்லையென்றால் நிதி கொடுக்கும் நிறுவனத்தின் ஆள்.

அமைச்சரின் ஆளுக்கு வறுமை வரைபு காட்டுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 ஆய்வைத் தொட்டால் தோட்டத்துறையில் வறுமை 8.8 சதவீதம். சின்னத் தூண், பார்க்க அழகு. நிதிக்காரர் வந்தால் அதே திணைக்களத்தின் 2019ஐத் தொடுங்கள்: 33.8. மூன்று வருடத்தில் மலை சரிந்துவிட்டதா என்று பதறுவார். சரியவில்லை. 2002ஐ அடிப்படையாகக் கொண்ட வறுமைக்கோட்டை விட்டு, 2012/13ஐ அடிப்படையாக வைத்துப் புதிய கோடு போட்டார்கள். கோடு மேலே போனது, அதற்குக் கீழே நிற்பவர்கள் கூடினார்கள். இன்னும் உருக வேண்டுமென்றால் பல்பரிமாண வறுமைச் சுட்டெண் இருக்கிறது. அதே 2019, அதே தோட்டத்து லயன் வீடுகள், 51.3. அச்சின் அளவுகோலைத் தானாக மாறும்படி விட்டுவைத்தால் மூன்று தூணும் ஒரே உயரத்தில் தெரியும். அமைச்சருக்கும் மனத்தாங்கல் வராது.

மக்கள்தொகை வரைபை வேகமாகக் கடந்துவிடுங்கள். 2012இல் இந்தியத் தமிழர் 839,504 பேர், 2024இல் சுமார் 6 லட்சம். எல்லோரும் கப்பலேறிவிடவில்லை. படிவத்தில் யார் எந்தக் கட்டத்தில் அடையாளம் போட்டார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

கை தேர்ந்தவர்களுக்கான களம் நாட்சம்பளம். ரூபாயில் வைத்தால் படிக்கட்டு: 2019இல் 700, 2021இல் 1000, 2024இல் 1350, 2026இல் 1550. அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு 200ஐயும் சேர்த்தால் 1750. கம்பனியின் ஆள் கைதட்டுவார். தப்பித்தவறி டொலரைத் தொட்டுவிடாதீர்கள். 2021 மார்ச்சில் ஏறக்குறைய 5 டொலராக இருந்த ஆயிரம், 2022 நடுவில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது 3 டொலருக்கும் கீழே, டெவன் அருவி மாதிரி விழுந்தது. தேயிலை விற்ற காசுக்கு டொலர் பட்டன், பறித்த கைக்கு ரூபாய் பட்டன் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

கொட்டகலைக்கென்று தனியாக இரண்டு மூலங்கள் வேண்டும்: 'மேடை', 'வர்த்தமானி'. 2024 மே தினத்தன்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) கூட்டத்துக்கு இங்கே வந்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் வர்த்தமானி 1350 என்றது. தேர்தல் வந்தால் முதலாவதைத் தொடுங்கள், சம்பள நாளில் இரண்டாவதை.

பட்டியலில் சேர்க்கவே கூடாத மூலம் கொழுந்துத் தராசு. முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு: ஓரிடத்தில் 18, இன்னோரிடத்தில் 20. குறைந்தால் அரைப்பேர். சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் கழிக்கிற கிலோ தனி. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பது அதற்கும் மேலே. இதையெல்லாம் ஏற்றினால் ஆளுக்கொரு கோடு, நாளுக்கொரு வளைவு, அறிக்கை அசிங்கமாகிவிடும். கொழுந்தெடுக்கும் அக்கா யாராவது திரையை எட்டிப் பார்த்து, "தம்பி, இந்தக் கோட்டுல எம் பேரு எங்க?" என்று கேட்டால், இணையம் விழுந்துவிட்டதென்று சொல்லுங்கள். மழைக்காலத்தில் இங்கே எல்லோரும் நம்புவார்கள்.

விளையாட்டை விட்டு ஒரேயொரு வேண்டுகோள். மூலத்தின் பெயரையும், ஆண்டையும், எந்தக் கோட்டை வைத்து அளந்தது என்பதையும் வரைபின் அடியில் பொடி எழுத்தில் ஒளிக்காதீர்கள். தலைப்புக்குப் பக்கத்தில், தலைப்பின் அளவிலேயே போடுங்கள். பட்டனைத் தொடும்போது அந்த வரியும் சேர்ந்து மாறட்டும்.