டிஸ்சார்ஜ் இனிப்பின் பாய்வியல்: ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நோயாளி தேறி வீடு திரும்பும் நாளில் உறவினர் ஒருவர் எதிர்க்கடைக்கு ஓடி, ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து வார்டில் நீட்டுவது தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நெடுநாள் வழக்கம். அந்தப் பெட்டி யார் யாரிடம் போய்ச் சேர்கிறது, யாரிடம் சேராமல் நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருவர் செய்த உதவிக்கும் அவர் வாய்க்கு எட்டும் இனிப்புக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. நோயாளி விழித்திருந்த நேரத்தில் அவர் எத்தனை தடவை கண்ணில் பட்டார் என்பதே கணக்கு. இதுவே எமது துணிபு.

முன்னாய்வுகள்

இத்துறையின் முதல் அறிஞர் திருவள்ளுவர். செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, தினை, பனை என இரண்டு அளவைகளையும் தந்திருக்கிறார். ஆனால் கால் கிலோவா, அரைக் கிலோவா என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை. பனையளவு என்பதை எந்தக் கடையிலும் பெட்டி போட்டுத் தருவதில்லை.

அடுத்த முக்கிய ஆய்வு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 2013 கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. பிரிட்டனில் மூன்று மருத்துவமனைகளின் நான்கு வார்டுகளில், ஒவ்வொன்றிலும் 350 கிராம் சாக்லேட் பெட்டி இரண்டை வைத்துவிட்டு ஆய்வாளர்கள் மறைவாகக் கண்காணித்தார்கள். பெட்டி வார்டுக்கு வந்து சராசரியாக 12 நிமிடத்தில் திறக்கப்பட்டது. ஒரு சாக்லேட்டின் இடைநிலை ஆயுள் 51 நிமிடம். தின்றதில் செவிலியர் பங்கு 28 விழுக்காடு, உதவியாளர் பங்கும் 28, மருத்துவர் பங்கு 15.

இம்முடிவுகளை அப்படியே நம் ஊருக்குப் பொருத்த இயலாது. முதலாவதாக, நம் வார்டில் மறைந்திருந்து கவனிக்க இடமில்லை. எந்தக் கட்டிலருகில் எந்தப் பெட்டி பிரிந்தாலும் பக்கத்துக் கட்டிலின் அத்தை, எதிர்க் கட்டிலின் சித்தப்பா, சாப்பாட்டுக் கூடையோடு நிற்கும் மைத்துனர் என அனைவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். இரண்டாவதாக, அங்கே ஆராயப்பட்டது காகிதம் சுற்றிய சாக்லேட். நம்முடையது நெய் கசியும் மைசூர்பா. இதன் தடயம் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் பல நாள் நிற்கும்.

வகைப்பாடு

வார்டுக்கு வரும் நன்றிப் பண்டங்களை ஐந்தாகப் பகுக்கலாம்.

*கடைப்பெட்டி.* மைசூர்பா, லட்டு, ஜாங்கிரி. பிரசவ வார்டில் இதற்குத் தனிச் செல்வாக்கு. இருதயப் பிரிவிலும் சர்க்கரை நோய்ப் பிரிவிலும் இதே பெட்டி வருவது ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்துகிறது. “எனக்குத்தான் கூடாதுன்னுட்டீங்க, நீங்களாவது சாப்பிடுங்க டாக்டர்” என்ற வாக்கியத்தில் நன்றி எவ்வளவு, பழிவாங்கல் எவ்வளவு என்பது தனி ஆய்வுக்கு உரியது.

*ஊர்ப்பண்டம்.* ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய். முன்னது 2019-இலும் பின்னது 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆகவே இவற்றைக் கொடுத்தவர் எந்த ஊர் என்பதைக் கேஸ் ஷீட் பார்க்காமலே சொல்லிவிடலாம். குறியீடு பெறாத முருங்கைக்காய், பனங்கிழங்கு, நாட்டுக்கோழி முட்டை ஆகியனவும் இவ்வகையே. இவை டிஸ்சார்ஜ் நாளில் வருவதில்லை. மறுபரிசோதனைக்கு வரும்போது மஞ்சள் பையில் வரும்.

*பிரசாதம்.* பழனி பஞ்சாமிர்தம் முதலியன. இங்கே நன்றி இரண்டு தவணையாகச் செலுத்தப்படுகிறது. முதல் தவணை முருகனுக்கு, மொட்டையாக. மிச்சம் டாக்டருக்கு, டப்பாவாக. டெங்கு வார்டில் பங்காளிகள் இன்னும் அதிகம். தட்டணுக்கள் ஏறியதும் நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் வரிசையில் முன்னே வந்து நின்றுவிடும். மூன்று ராத்திரி ட்ரிப்ஸ் மாற்றியவர் அவற்றுக்குப் பின்னால்தான்.

*மறுசுழற்சி.* நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில். வீட்டுக்குத் தூக்கிப் போக முடியாதவை ஆயாம்மாவிடம் நன்றியாக உருமாறுகின்றன.

*காரம்.* மிக்சர், முறுக்கு. அரிதாகவே வரும். ஆனால் இதன் மேன்மை பிற்பகுதியில் நிறுவப்படும்.

வழங்கும் சடங்கு

பெட்டி நேராக வாய்க்குப் போவதில்லை. நோயாளியின் மகன் முதலில் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் நீட்டுவார். டாக்டர், “எதுக்குங்க இதெல்லாம்” என்பார். இது மறுப்பு அன்று, முகவுரை. “சந்தோஷத்துக்கு சார், ஒண்ணே ஒண்ணு.” டாக்டர் ஒரு துண்டை எடுத்து, பாதியைப் பிட்டு வாயில் போட்டு, மீதிப் பாதியைக் கையில் வைத்தபடியே, “சிஸ்டர்கிட்ட குடுத்துடுங்க” என்பார். பெட்டி பின்னால் நிற்கும் சிஸ்டர் கைக்கு மாறும். அவர், “இருக்கட்டும்மா, குழந்தைங்களுக்குக் குடுங்க” என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் டியூட்டி ரூம் மேசையில் வைப்பார். பிரிட்டனின் 12 நிமிடத்தில் நம்மவர்கள் மறுத்தலையும் வற்புறுத்தலையும் மட்டுமே முடித்திருப்பார்கள்.

பாய்வு விதிகள்

*முதல் விதி (காலம்).* டிஸ்சார்ஜ் பெரும்பாலும் பகலில் நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி வந்து, பில் கட்டி முடிந்து, நல்ல நேரமும் பார்த்துக் கிளம்பும்போது பகல் டியூட்டிக்காரர்கள் இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறியபோது ஆக்சிஜன் வைத்தவர் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மாலையில் அவர் வரும்போது மேசைமேல் பெட்டி இருக்கும். உள்ளே நெய் படிந்த காகிதமும் இருக்கும்.

*இரண்டாம் விதி (இடம்).* பெட்டி படியிறங்குவதில்லை. கீழ்த்தளத்தில் அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவில் ஏற்றி, 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம் வைத்து எடுப்பவரை எந்த நோயாளியும் கண்டதில்லை. தையல் சீழ் பிடிக்காமல் ஆறியதில் அவருக்குப் பங்கு உண்டு. இனிப்பில் இல்லை. ரத்த வங்கியில் தட்டணுப் பைகளை 20 முதல் 24 டிகிரிக்குள், ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் ஐந்து நாள் காக்கிறார்கள். அந்தக் கருவிக்குக் காவல் இருப்பவருக்கும் அப்படியே. லேப் டெக்னீஷியனை மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஊசி குத்துகிறவராக. தெரிந்தும் பயனில்லை.

*மூன்றாம் விதி (விழிப்பு).* மேற்சொன்ன இரண்டுக்கும் மூலம் இதுவே. இதற்கு உச்ச எடுத்துக்காட்டு மயக்க மருந்து நிபுணர். நோயாளியின் மூச்சு, ரத்த அழுத்தம், வலி மூன்றையும் தன் கையில் வாங்கிக்கொண்டு, அறுவை முடியும்வரை தலைமாட்டை விட்டு நகராமல் இருப்பவர். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் நோயாளிக்கு அவர் இருந்ததே தெரியாது. எவ்வளவுக்குத் திறமையோ அவ்வளவுக்கு மறதி. ஆகவே அறுவை செய்த டாக்டருக்கு ஒரு கிலோ, வாசலில் வீல்சேர் தள்ளியவருக்கு ஒரு துண்டு, இவருக்கு ஒன்றுமில்லை.

சட்டச் சிக்கல்

இனிப்புக்கும் லஞ்சத்துக்கும் எல்லை எது? மருந்து நிறுவனங்களிடம் மருத்துவர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கழகம் 2009 டிசம்பரில் விதித்தது. அரசு ஊழியர்களின் அன்பளிப்புக்குத் தமிழ்நாட்டின் 1973 நடத்தை விதிகள் கடிவாளம் போடுகின்றன. 1988 ஊழல் தடுப்புச் சட்டம், 2018 திருத்தத்துக்குப் பின், கொடுப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். பால்கோவா அதுவரை தாங்காது.

எளிய சோதனை ஒன்றை யாம் முன்மொழிகிறோம். பிள்ளை பிறந்ததும் தொட்டிலைப் பார்க்கும் முன்பே கை நீண்டு, ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று கேட்டால் அது நன்றியில் சேராது. அதை வாங்குபவரும் மைசூர்பாவாகக் கேட்பதில்லை. நன்றி வேலை முடிந்தபின் வரும், கேட்காமல் வரும், எல்லோர் முன்னும் பிரிக்கப்படும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பெட்டிக்குள் இருப்பது வேறு ஏதோ.

பரிந்துரைகள்

ஒன்று: இனிப்போடு காரமும் வாங்குக. மணப்பாறை முறுக்கு இரவு டியூட்டிவரை மொறுமொறுப்புக் குறையாமல் காத்திருக்கும். சர்க்கரை நோயுள்ள சிஸ்டருக்கும் ஆறுதல்.

இரண்டு: ஒரே பெட்டியாக வாங்காமல் சிறு பெட்டிகளாக வாங்குக. ‘நைட் டியூட்டிக்கு’, ‘லேப்’, ‘ரத்த வங்கி’ என்று மேலே எழுதுக. பேனா வார்டிலேயே கிடைக்கும். திருப்பித் தருவது நல்லது.

மூன்று: ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. அதில் பாராட்டைப் போடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்ன வார்டில் இன்ன நாள் இரவு பார்த்துக்கொண்டவர் என்று பெயரோடு நான்கு வரி எழுதிப் போட்டால் அது கெட்டுப்போகாது, கொழுப்பும் ஏறாது.

நான்கு: மயக்க மருந்து நிபுணரின் பெயரை ஊசிக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்க. இதை நோயாளி செய்து பயனில்லை. முன்னதாகத் தரப்படும் மிடசோலம் போன்ற மருந்துகள் அதன்பின் நடப்பதை நினைவில் தங்கவிடா. ஆகவே இப்பொறுப்பை உடன் வந்த மச்சானிடம் ஒப்படைக்கலாம். தியேட்டர் வாசலில் அவருக்கு வேறு வேலை இல்லை.