பாஸ்வேர்டு மறந்த கோடீஸ்வரர்

பணக்காரர்களில் பல ரகம் உண்டு. இருப்பதை மறைப்பவர், இல்லாததைக் காட்டிப் பீற்றுபவர், பாகப்பிரிவினை வழக்கிலேயே ஆயுளைக் கழிப்பவர். இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர், பாஸ்வேர்டை மறந்த பிட்காயின் கோடீஸ்வரர். பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார்; கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. பிட்காயினின் கணக்கேடு உலகத்துக்கே திறந்து கிடப்பதால் தன் காசு பத்திரமாக இருப்பதைத் தினமும் காலையில் பார்த்துக்கொள்வார். பார்க்கத் தடையில்லை, தொடத்தான் முடியாது. விருந்துக்குப் போனால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ‘இன்றைய விலைக்கு’ என்ற இடத்துக்கு வந்துவிடுவார். மனது மறந்ததை விரல் மறந்திருக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் தட்டிப் பார்ப்பதும் உண்டு. ஊர் இவரைக் கவனமில்லாத ஆசாமி என்கிறது. இது அபாண்டம் என்பது என் கட்சி.

ஆரம்பகால பிட்காயின் மென்பொருளில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. காசைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவிகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பில் பூட்டில்லாமல் கிடந்தன; நகல் எடுத்தவன் உரிமையாளன். கோப்புக்குப் பூட்டுப் போடும் வசதி 2011 செப்டம்பரில்தான் வந்தது. போட்டே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அலட்சியக்காரர் போடவில்லை, ஆகவே மறக்க அவருக்கு ஒன்றுமில்லை. மறந்தவர்கள் போட்டவர்கள்தான். சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஸ்டீபன் தாமஸ் 7,002 பிட்காயினுக்கான சாவியை அயர்ன்கீ என்ற பென் டிரைவில் வைத்தார். பத்து முறை தப்பாக அடித்தால் தன்னைத்தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் சாதனம் அது. எட்டு முறை தீர்ந்துவிட்டது. திருடனுக்குப் பயந்து வாசலே வைக்காமல் வீடு கட்டிவிட்டுத் தெருவில் நிற்பவரை என்ன சொன்னாலும் சொல்லலாம், அஜாக்கிரதை என்று மட்டும் சொல்லக்கூடாது.

இதைவிடப் பொருத்தமான சாட்சி ஐரோப்பாவில் இருக்கிறார். 2013இல் 43.6 பிட்காயினுக்கு இருபது எழுத்தில் பாஸ்வேர்டு போட்டார். தானே யோசித்தால் யாராவது ஊகித்துவிடுவார்கள் என்று, ரோபோஃபார்ம் என்ற மென்பொருளைக் கொண்டு உருவாக்கினார். அதிலேயே சேமித்தால் யாராவது புகுந்து எடுத்துவிடுவார்கள் என்று, தனிக் கோப்பில் பூட்டி வைத்தார். அந்தக் கோப்பு கெட்டுப்போயிற்று. பத்து வருஷம் கழித்து ஜோ கிராண்ட் என்ற ஹார்டுவேர் நிபுணரும் அவருடைய கூட்டாளியும் அந்தப் பழைய மென்பொருளைப் பிரித்து மேய்ந்தபோது ஒரு குட்டு வெளிப்பட்டது. குருட்டாம்போக்கில் எழுத்துகளைப் பொறுக்குவதாகச் சொல்லிக்கொண்ட அது, கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறது. கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் அதே பாஸ்வேர்டு மறுபடியும் வரும். எந்தத் தேதிக்குத் திருப்புவது என்பதுதான் தகராறு. சிறப்புக் குறிகள் உண்டு என்று வைத்துக்கொண்டு மார்ச், ஏப்ரல் என்று துழாவியது வீணாயிற்று. கடைசியில் கிடைத்தது மே 15ஆம் தேதிக்கு உரியது, அதில் குறி ஒன்றுகூட இல்லை. ஆக, இந்த மனிதருக்குப் பணம் திரும்பி வந்தது அவர் செய்த பந்தோபஸ்தால் அல்ல, அதிலிருந்த ஓட்டையால்.

பணம் கைக்கு வந்ததும் அவர் சொன்னதுதான் என் கட்சிக்கு உயிர்: பாஸ்வேர்டு தொலைந்தது நல்லதாகப் போயிற்றாம், இல்லாவிட்டால் எப்போதோ விற்றிருப்பாராம். உண்மைதான். 2010 மே 22 அன்று லாஸ்லோ ஹன்யேஸ் என்ற புரோகிராமர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அவர் சாவி அவர் கையில் இருந்தது. 2011 ஜூனில் முப்பது டாலர் வரை ஏறிய விலை, வருஷம் முடிவதற்குள் இரண்டு டாலருக்கு வந்தது. ஏறும்போது விற்காமல், விழும்போது பதறாமல் இருக்க ஒன்று ஞானியாக இருக்க வேண்டும், அல்லது பாஸ்வேர்டு மறந்திருக்க வேண்டும். ஞாபகம் வைத்துக்கொண்டே விற்காதவர்களும் உண்டே என்பீர்கள். உண்டு. அவர்கள் ஞானிகள் கணக்கில் வருவார்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

மறந்ததாகச் சொல்பவரெல்லாம் மறந்தவர்தானா என்ற கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கனடாவின் குவாட்ரிகா என்ற பிட்காயின் சந்தையின் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். பாஸ்வேர்டுகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்றார்கள். தேடிப் பார்த்தால் பெட்டகங்கள் அவர் சாவதற்குப் பல மாதம் முன்பே காலி. அங்கே நடந்தது மோசடி என்று ஒண்டாரியோ பங்குச்சந்தை ஆணையம் 2020இல் சொல்லியே விட்டது. இப்படி மறதியைச் சாக்காக வைப்பவர்களால் நிஜமாக மறந்தவருக்கும் கெட்ட பெயர்.

இப்போது பாஸ்வேர்டுக்குப் பக்கபலமாக, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டோ இருபத்துநாலோ சொற்களை மென்பொருளே பொறுக்கிக் கொடுக்கிறது, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லி. நம்மவர் எழுதி வைக்கிறார். அது யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து வைக்கிறார், தன் கண்ணிலும் படாத இடமாக. முன்னே சொன்ன ஸ்டீபன் தாமஸ் கதையிலும் ஒரு திருப்பம்: அயர்ன்கீயைத் திறக்க வழி கண்டுவிட்டோம் என்று 2023இல் ஒரு நிறுவனம் அவர் கதவைத் தட்டியது. வேண்டாம் என்றுவிட்டார். வேறு குழுக்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்றாம். பூட்டு உடைக்கவும் டெண்டர் முறைதான் போலும்.