விளக்குப் பெட்டியும் வீட்டு நியாயமும்

எனக்குத் தெரிந்து சுரக்குடியில் வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அதனால் ரிப்பேர் பார்ப்பதும் நானே, கேட்டுவிட்டு "பலே" சொல்வதும் நானே. வீட்டில் அதற்குப் பெயர் விளக்குப் பெட்டி.

பெட்டி பேலன்ஸ்டு ரகம். சாதாரண ஆர்.சி.ஏ. வயரில் ஒரு கம்பியில் பாட்டு, இன்னொன்று எர்த். இதன் எக்ஸ்.எல்.ஆர். வயருக்கு மூன்று முள். ஒன்றாவது எர்த், இரண்டாவதில் பாட்டு, மூன்றாவதில் அதே பாட்டு தலைகீழாக. புருஷன் பெண்டாட்டி சண்டையில் இருவரும் ஒரே சங்கதியை நேரெதிராகச் சொல்வார்கள். மாமியார் மட்டும் தன் பங்கை இரண்டு காதிலும் ஒரே மாதிரி ஓதியிருப்பார். ஒருவர் சொன்னதிலிருந்து மற்றவர் சொன்னதைக் கழித்தால் மாமியார் அடிபட்டுப் போவார், சண்டை இரட்டிப்பாக மிஞ்சும். பக்கத்து வயல் போர் மோட்டாரும் எதிர்வீட்டு இன்வர்ட்டரும் வழியில் கலந்துவிடும் உறுமல் இப்படித்தான் ஒழிகிறது.

பெட்டி நியாயமாக இருந்து என்ன பிரயோசனம்? வந்து சேரும் சோர்ஸ்கள் அப்படி இல்லையே!

முதலில் செட்டாப் பாக்ஸ். அதற்குத் தெரிந்தது ஒற்றைக் கம்பிதான். கன்வர்ட்டர் வயர் மாட்டினால், உள்ளே மூன்றாம் முள்ளை ஒன்றாம் முள்ளோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். வேஷம் மாறும், ஆள் மாறாது. போதாததற்கு, கேபிள் வயருக்குத் தெருவில் எங்கோ ஓர் எர்த், வீட்டில் ஓர் எர்த். இரண்டுக்கும் நடுவே கரண்ட் ஊர்வலம் போக, ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸில் ஒரே ரீங்காரம். நடுவில் சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டேன். சத்தம் நின்றது. சீரியல் பார்க்கும் அம்மாவுக்கு அதுவே குறை: "முன்னெல்லாம் இரைச்சல்ல அவ அழுவுறது அவ்வளவா தெரியாது. இப்ப மனசு தாங்கலடா."

சி.டி. பிளேயர் வேறு குணம். 2 வோல்ட் தள்ளும். டிஜிட்டலைப் பாட்டாக்கும் பேலன்ஸ்டு டாக் என்றால் 4 வோல்ட். இதையும் பெருக்கிக் காட்டுகிறேன் என்று வால்வு கிளம்பினால், வால்யூம் குமிழ் எட்டு மணியைத் தாண்டுமுன் கொல்லையில் பசு எழுந்து நின்றுவிடும். பையனின் போனோ முனகத்தான் முனகும். அவன் குமிழை இரண்டு மணி வரை திருகிக் கேட்டுவிட்டு அப்படியே போவான். அடுத்து யாராவது செலக்டரை சி.டி. பக்கம் திருப்பினால் தெருவே வாசலுக்கு வரும்.

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் சித்தப்பா கொடுத்தது. ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்தவர். அதன் ஊசி தருவது 5 மில்லிவோல்ட், சி.டி.யில் நானூற்றில் ஒரு பங்கு. அதற்குத் தனியாக ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். தட்டு வெட்டும்போது அடக்கிய பாஸை அது தூக்கும், தூக்கிய கீச்சை அடக்கும். எவ்வளவு என்பதில் கம்பெனிக்கொரு கணக்கு இருந்தது, அதை ஆர்.ஐ.ஏ.ஏ. என்று ஒரே கணக்காக்கியது 1954-இல். அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக்காரரை விட்டு இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி காகித வேலை முடிய 1962 ஆயிற்று. தட்டுக்காரர்களே தேவலை.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை சோர்ஸிலும் பிறவி பேலன்ஸ்டு இந்தக் கிழட்டு ஊசிதான். அதன் சுருளுக்கு இரண்டு முனை, இரண்டும் சமம். ஒன்றை எர்த்தில் கட்டி ஒற்றைக் காலில் நிறுத்தியது மனுஷன் வேலை. இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக சித்தப்பாவிடம் சொன்னேன்.

"கோயில் மைக்குக்கு நாங்க ரெண்டு கம்பி, மேல வலை போட்ட வயர்தான் இழுப்போம் தம்பி. ஜெனரேட்டர் பக்கத்துலயே ஓடும், கரகரப்பு வராது. டெலிபோன் கம்பத்துல ரெட்டைக் கம்பி பாத்ததில்லையா? எல்லாம் ஒரே சங்கதி. நீ இதுக்குப் போய் இவ்வளவு காசைக் கொட்டினியா?"

பெட்டிக்கு வீட்டில் மரியாதை வந்தது பாட்டினால் அல்ல. உள்ளே நான்கு 6எஸ்.என்.7 வால்வுகள். இழை ஒவ்வொன்றுக்கும் 6.3 வோல்ட், 0.6 ஆம்பியர், நான்குக்கும் சுமார் 15 வாட். பாடினாலும் பாடாவிட்டாலும் அத்தனையும் சூடாகத்தான் போகும். மார்கழிக் குளிரில் மாவு புளிக்காமல் மல்லுக்கட்டிய அம்மா, ஒரு ராத்திரி சட்டியை அலமாரியில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

இப்போதெல்லாம் எந்த சோர்ஸ், எத்தனை முள் என்று என்னை யாரும் கேட்பதில்லை. ராத்திரி சுவிட்சை அணைக்கப் போனால் அடுக்களையிலிருந்து குரல் வரும்:

"பாட்ட வேணா நிறுத்திக்கடா. பெட்டிய நிறுத்தாத. நாளைக்கு இட்லி."