பட்டணத்துக்குப் பொறந்தநாளாம்ல!

என்ன அப்பு, ஆகஸ்ட்டு வந்துட்டா விடியுமுன்னே எந்திரிச்சிர்றியாமே? பால் வாங்கிட்டு வாடான்னா எட்டு மணிக்கும் கண்ணு தொறக்காத பய நீ. மெட்ராஸுக்குப் பொறந்தநாளுன்னதும் தொப்பி, தண்ணி பாட்டிலு, முதுகுல ஒரு பையின்னு கெளம்பிர்றியாம். ஆத்தா சொல்லிச்சு. கட்டடம் பாக்கப் போறியாமுல்ல? தினம் அந்தக் கட்டடத்து வழியாத்தானேடா ஆபீசுக்குப் போற?

மொகத்தத் தூக்காத. நல்ல காரியந்தேன். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசான்னு மூணு பேரு சேந்து 2004ல ஆரம்பிச்சது. அரசாங்க உத்தரவு கெடையாது. தெரிஞ்சவன் சொல்லலாம், தெரியாதவன் கேக்கலாம், அம்புட்டுதேன். அந்த எஸ்.முத்தையா யாருங்கிற? நம்ம சீமைக்காரரு. செட்டிநாட்டுப் பள்ளத்தூர்ல பொறந்து, கொழும்புல பத்திரிகையில வேல பாத்துட்டு வந்தவரு. பட்டணத்தானுக்குப் பட்டணத்தச் சுத்திக் காட்டப் பள்ளத்தூர்லருந்து ஆளு போக வேண்டியிருந்துருக்கு பாத்தியா! சரி, ஒரு நாளுன்னுதேன் சொன்னாய்ங்க. அப்புறம் வாரமாச்சு. இப்ப மாசமாம். ஒத்தச் சாப்பாட்டுக்கு வந்த சம்பந்தி ஆடி முடியமட்டும் தங்குன கதையால்ல இருக்கு!

அது கெடக்கட்டும். பொறந்தநாளுன்னா என்னைக்கு? 1639, ஆகஸ்ட் 22. தாமர்ல வேங்கடப்ப நாயக்கரு கடலோரத்துல ஒரு துண்டு மணக்காட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்த நாளு. வாங்குனது பிரான்சிஸ் டே. நடுவுல நின்னு பேச்ச முடிச்சது பேரி திம்மப்பாங்கிற துபாசின்னு சொல்லுவாய்ங்க. அந்தத் தேதியிலயும் சூலையா, ஆகஸ்ட்டான்னு படிச்சவுகளுக்குள்ள ஒரு வழக்கு ஓடுது. ஆக, இது பத்திரம் எழுதுன நாளு. பத்திரம் எழுதுனா புள்ள பொறந்துருமா? நம்ம ஓட்டு வீட்ட வாங்கிப் பதிஞ்ச அன்னைக்கா நான் பொறந்தேன்? அந்த மணலுக்குப் பக்கத்துல ஏற்கெனவே குடியிருந்து வல வீசுனவன் வீட்டுப் புள்ளைகளுக்கெல்லாம் என்னைக்குப் பொறந்தநாளு?

மயிலாப்பூரையே எடுத்துக்க. பூம்பாவைப் பதிகத்துல ஞானசம்பந்தரு அந்த ஊரு திருவிழாவயெல்லாம் மாசவாரியா அடுக்கி வச்சிருக்காரு. ஐப்பசி ஓணம், கார்த்திகை வெளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். அவரு காலம் ஏழாம் நூத்தாண்டு. கம்பெனிக்காரன் இங்க வந்து எறங்க இன்னும் ஆயிரம் வருசம் கெடக்கு! இப்ப இருக்கிற கோயிலு பின்னாடி கட்டுனதுதேன், பழசு கடலோரத்துல இருந்துச்சுங்கிறாய்ங்க. கோயிலு எடம் மாறுனாலும் பங்குனி மாறலையேடா. அதுக்கும் முந்தியின்னா பல்லாவரம் இருக்கு. 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட்டு அங்க ஒரு ஆதிமனுசன் கல்லாயுதத்தப் பொறுக்கி எடுத்தாரு. அந்தக் கல்லுக்கும் கேக்கு வெட்டணும்னா மெழுகுவத்திக்கு எந்தக் கடைக்குப் போவ?

இன்னொரு வேடிக்கை. நீங்க கட்டடம் பாக்கப் போற நடைக்கு ‘அனுமதி இலவசம்’னு கொட்ட எழுத்துல போடுறாய்ங்க. அதுக்குக் கீழ ‘முன்பதிவு அவசியம்’. பேரு குடு, போன் நம்பரு குடு, மெயிலு குடு. குடுத்தப்புறம் ‘எடம் நெறஞ்சிருச்சு, அடுத்த வருசம் வாங்க’. தெருவுல நடக்குறதுக்கு எடம் நெறஞ்சு போச்சாம்! எனக்குப் புரியாமத்தேன் கேக்குறேன், ரோடு என்ன சினிமாக் கொட்டகையா?

அதே மயிலாப்பூர்ல பங்குனித் திருவிழா எட்டாம் நாளு அறுபத்துமூவரு. நாயன்மாரு 63 பேரும் மாட வீதிய வலம் வர்றாக. வழி நெடுக எவன் எவனோ பந்தலப் போட்டு மோரும் பானகமும் சோறும் குடுக்குறான். வாங்குறவன்கிட்ட ‘உன் பேரென்ன, எந்த ஊரு’ன்னு ஒருத்தன் கேக்குறானா? காரைக்காலம்மையாரு எப்பிடிப் பேயுருவா ஆனாகன்னு பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கிட்டே போகுது. பிளாஸ்டிக் கப்ப ரோட்டுல வீசிட்டுப் போறானே, அந்த ஒண்ணுக்கு மட்டும் முதுகுல ரெண்டு வைக்கலாம்.

நீ ‘ஃப்ரீ’ ‘ஃப்ரீ’ங்கிறியே, சும்மா எங்கயாச்சும் எதுவும் நடக்குமா? நம்மூரு வைகாசிப் பொங்கலுக்கு உள்ள நுழைய டிக்கெட்டு உண்டா? கெடையாது. ஆனா வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி உண்டு. இருக்கிறவன், இல்லாதவன் எல்லாருக்கும் ஒரே தொக. காப்புக் கட்டிட்டா வெளியூருல ராத்தங்கக் கூடாது. கரகம் யாரு எடுக்குறது, மொத மரியாத யாருக்குன்னு வருசா வருசம் சண்ட. அந்தச் சண்டையிலதேன்டா ஊரு வரலாறு பூராவும் வெளிய வரும்! எவன் பாட்டன் எந்தப் பஞ்சத்துல குடி வந்தான், எந்தக் கெணறு யாரு வெட்டுனது, எந்தத் தெருவ அந்தக் காலத்துல தேரு பக்கம் அண்ட விடல, எல்லாம் சந்திக்கு வந்துரும். கடைசியா சொன்னத உங்க பாரம்பரியக் கூட்டத்துல மைக்கப் புடிச்சு யாராச்சும் பேசுறாய்ங்களா? வளைவு நல்லாருக்கு, தூணு நல்லாருக்கு, சுண்ணாம்புல கடுக்காயக் கலந்தாய்ங்க, இம்புட்டுத்தானே?

நீ போன வருசம் அனுப்புன போட்டோவப் பாத்தேன். பழைய கட்டடம் ஒண்ணு, அதுக்கு முன்னாடி இருபது முப்பது பேரு அண்ணாந்து நிக்கிறீக. கீழ வாசப்படியில ஒரு அம்மா பூக்கட்டிக்கிட்டு இருக்கு. ஒருத்தன் கண்ணும் அதுமேல இல்ல. மாமியா காலத்துலருந்தே அந்த எடத்துல கூட வச்சிருக்கும். கடல் தண்ணி எதுவர வந்துச்சு, டிராம் வண்டி எங்க நின்னுச்சுன்னு மாமியா சொன்னது அதுக்கு நெனப்பிருக்கும். கேட்டியா? ஆறு மணிக்கு எந்திரிச்சுப் போனியே, ரெண்டு மொழம் பூவாவது வாங்குனியா? வாங்கியிருந்தா உன் பொண்டாட்டியாவது சந்தோசப்பட்டுருக்கும்.

போயிட்டு வா அப்பு, வேணாங்கல. அடுத்த தடவ என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. ‘முன்பதிவு’ல என் பேரையும் போட்டு வையி. எடமில்லன்னா பின்னாடியே கம்ப ஊண்டிக்கிட்டு வாரேன், ரோட்டுல எவன் தடுப்பான்?

அப்புறம், கல்யாணமாயிட்டதால நீ இப்ப தனித் தலைக்கட்டு. வரி நோட்டுல உன் பேரு ஏறிருச்சு. பூசாரி மகன் இப்ப ஜீபேயில வாங்குறான். சாயங்காலத்துக்குள்ள அனுப்பி விட்ரு.