பெயின்ட் அப்புறம், முதலில் துரு!

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களிடமிருந்தும் வாங்கத் துடிப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுக்க அந்தக் காருக்கே.

கேள்வி: 1978-ம் வருட ஸ்பிட்ஃபயர் 1500 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புது பெயின்ட், பளபளவென்று இருக்கிறது. முதலில் எதைப் பார்ப்பது? (வாசகர், லெஸ்டர்)

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள். கதவுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே மேலிருந்து கீழாக ஓர் இடைவெளி ஓடும். அது மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

காரணம் இந்தக் கார் பிறந்த விதத்தில் இருக்கிறது. ஹெரால்டு என்ற குடும்பக் காரின் சேஸியை எடுத்து, நீளத்தைக் குறைத்து, இரு ஓரங்களிலும் இருந்த சட்டங்களை நீக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஓரச் சட்டம் செய்ய வேண்டிய வேலை கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ தகட்டின் தலையில் விழுந்தது. மேலே கூரையும் கிடையாது. மூடி இல்லாத அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், புரியும். சில் உளுத்தால் காரே வளையும்.

அந்தச் சில் ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடு, உள்தகடு, நடுவே பலத்துக்கு இன்னொன்று என மூன்று. வெளித்தகட்டின் மேல் புதுத் தகடு ஒட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே அழகு, உள்ளே பொடி. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சில் நெடுகத் தடவிக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, தரைத்தகடும் சில்லும் சேரும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தூக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: சில் மாற்றும் வேலைக்கு என்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

ஒன்றே ஒன்று: வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒரே நாளில் வெட்டிய காருக்குக் கதவு மறுபடி ஒழுங்காகச் சாத்துவது சந்தேகம்.

கேள்வி: சிவப்பா, மஞ்சளா, எந்த நிறம் வாங்கலாம்?

துரு இல்லாத நிறம்.

கேள்வி: நான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிறைய ரிப்பேர் பார்த்த பழைய மெக்கானிக். பேரன் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் வாங்கியிருக்கிறான். என் அனுபவம் அவனுக்கு உதவுமா?

உதவுமாவா? ஐயா, அங்கே பலர் புத்தகத்தில் தேடுவது உங்கள் கையில் இருக்கிறது. 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

பேரனிடம் தயவுசெய்து ட்ரனியன் பற்றி இன்றைக்கே பேசுங்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெட்டுக்குத்தான இரும்புக் கம்பியின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதற்குள் சுழல்கிறது. அதற்கு ஊற்ற வேண்டியது ஈ.பி. 90 கியர் எண்ணெய். தொழிற்சாலை கொடுத்த கையேடும் அதைத்தான் சொல்கிறது. கிரீஸ் அடித்தால் கெட்டிப்பட்டு நின்றுவிடும், மரையின் அடிவரை இறங்காது. அடியில் தண்ணீர் தேங்கும், இரும்பு துருவேறும், மரை தேயும். ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது கம்பி முறிந்து சக்கரம் மடங்கி விழும். அது நிறுத்துமிடத்தில் நடந்தால் பாக்கியம். நெடுஞ்சாலையில் நடந்தால்?

செய்முறை எளிது. ட்ரனியனில் உள்ள சிறு பிளக்கைக் கழற்றி, அங்கே நிப்பிளைத் திருகி, கிரீஸ் கன்னில் எண்ணெய் நிரப்பி அடியுங்கள். மேல் பக்கம் எண்ணெய் கசிந்து வரும்வரை அடிக்க வேண்டும். கீழே பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள், கன் ஒழுகத்தான் செய்யும். 6,000 மைலுக்கு ஒருமுறை என்பது கணக்கு. குறைவாக ஓட்டுபவர்கள் குளிர்காலம் தொடங்கும் முன் ஒருமுறை அடித்துவிடுங்கள். மாற்ற நேர்ந்தால் கவனம், இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் எதிரெதிர். ஒன்றை இன்னொன்றுக்குப் போட முடியாது.

கேள்வி: சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்கும்போது எஞ்சின் சத்தம் மாறுகிறது. கவலைப்பட வேண்டுமா?

வேண்டும், இன்றைக்கே. கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துவைப்பவை பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட வாஷர்கள். கிளட்ச்சை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு அந்த வாஷர் மீது சாய்கிறது. அது தேய்ந்து மெலிந்து ஒருநாள் கழன்று சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே உரசும். பிளாக் போனால் எல்லாம் போயிற்று.

சோதிக்க இரண்டு பேர் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து விட வேண்டும். மற்றவர் பானட்டைத் திறந்து முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னால் வந்தால் காரை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரியான அசைவு 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். நேரத்தில் கண்டுபிடித்தால் எஞ்சினை இறக்காமலே, சம்ப்பைக் கழற்றி வாஷரை மாற்றிவிடலாம். வாஷர் விலை கொஞ்சம்தான். இனி சிக்னலில் நியூட்ரலுக்கு வாருங்கள், காலை எடுங்கள்.

கேள்வி: கணவர் ஞாயிறு முழுக்க கராஜிலேயே இருக்கிறார். என்ன செய்வது? (வாசகி, ஹாரோ)

முந்தைய பதிலைப் படித்தீர்களா? அந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். பிரேக்கில் காற்று எடுக்கவும் இரண்டு பேர் வேண்டும். ஒருமுறை போய்ப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் பானட், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுசாக வெளியே நிற்கும். முன் டயர் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டு, எட்டுகிற தூரத்தில் கார்பரேட்டரைச் சரிசெய்யலாம். அப்படி உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். நீங்கள் அந்தப் பக்க டயரில் உட்காருங்கள்.

கேள்வி: செல்ஃப் அடித்தால் ‘டொக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, சோக் கேபிள் சுடுகிறது. பேட்டரி புதுசு.

கேபிளில் கையை வைக்காதீர்கள். எஞ்சினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்திருக்கும், அல்லது யாரோ எஞ்சினை இறக்கி ஏற்றியபோது மாட்ட மறந்திருப்பார்கள். எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் பாயாது. செல்ஃப் மோட்டார் இழுக்கிற அவ்வளவு கரண்ட்டும் திரும்பிப் போக வழி தேடுகிறது. அகப்பட்டது மெல்லிய சோக் கேபிள். அது பழுத்துப் புகையும், பக்கத்தில் பெட்ரோல் வேறு இருக்கிறது. புதுப் பட்டை வாங்குங்கள், இரு முனையிலும் பெயின்ட்டையும் துருவையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

லூகாஸ் வயரிங் மட்டம் என்று ஊரெல்லாம் பழி சொல்லும். நான் பார்த்த வரையில் அந்தப் பழியில் பெரும்பங்கு துருப்பிடித்த எர்த் முனைகளைச் சேர வேண்டியது. இன்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு மங்குகிறதா? பல்பை விட்டுவிட்டு எர்த்தைத் துடையுங்கள்.

கேள்வி: இந்தக் காரை வடிவமைத்தது யார்?

இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலோட்டி. அவர் செய்த மாதிரிக் கார், காசில்லாமல் தவித்த நிறுவனத்தின் கவென்ட்ரி தொழிற்சாலை மூலையில் தூசித் துணிக்கு அடியில் கிடந்தது. 1961-ல் லேலண்டு அந்த நிறுவனத்தை வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கினார்கள், பிடித்துப்போயிற்று. 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் கார் அறிமுகம். 1980 ஆகஸ்டில் கடைசிக் கார் வெளிவரும் வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றலாமா?

பழைய ரப்பர் குழாயோடு வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரை உள்ளிருந்தே இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். வெளியே நன்றாகத் தெரிகிற குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை மொத்தமாக மாற்றுங்கள். ஆர்9 தரம் என்று அச்சிட்ட குழாய் கேளுங்கள். அதன் பிறகும், கார் மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் 5 சதவீத வகையான சூப்பர் பெட்ரோலையே நிரப்புங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதைவிட ஆபத்து இந்தக் காரில் வேறில்லை.

கேள்வி: கூரை ஒழுகுகிறது.

ஒழுகும். கூரையைவிட, ஒழுகிய தண்ணீர் எங்கே தங்குகிறது என்பதுதான் முக்கியம். நனைந்த கார்ப்பெட்டின் கீழ் தரைத்தகடு வாரக்கணக்கில் ஊறும். மழையில் நனைந்த அன்றே கார்ப்பெட்டை வெளியே எடுத்து உலர்த்துங்கள். வினைல் கூரையை ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். கடும்குளிரிலும் மடிக்காதீர்கள், பிளாஸ்டிக் ஜன்னல் விரிசல்விடும். மடிக்கும்போது ஜன்னலுக்கு நடுவே மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். உங்களுடையது முதல் இரண்டு மாடல்களில் ஒன்று என்றால் கூரையைக் கம்பி கம்பியாக நிறுத்திக் கட்ட வேண்டியிருக்கும். மழை வருவதற்கு முன் வீட்டு வாசலில் பழகிக்கொள்ளுங்கள். 1967-ல் வந்த மார்க் 3 முதல் மடக்குக் கூரைதான்.

கேள்வி: வளைவில் பின்பக்கம் தூக்கிப்போடும் என்று பயமுறுத்துகிறார்களே?

1970-க்கு முந்தைய கார்களில் அது உண்மை. வளைவில் வேகமாக நுழைந்து, பாதியில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் லேசாக மிதித்தபடியே செல்லுங்கள். 1970-ல் வந்த மார்க் 4-ல் லீஃப் ஸ்பிரிங்கின் இலைகளில் பெரும்பாலானவை சுதந்திரமாக ஆடும்படி மாற்றினார்கள், அந்தத் தொல்லை ஏறக்குறையத் தீர்ந்தது. எந்த மாடலானாலும் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயர் கல்.

கேள்வி: குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறேன். சரிதானே?

அந்தப் பத்து நிமிடத்தில் சம்ப்பிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேர்கிறது, அது ஆவியாகும் சூட்டுக்கு எஞ்சின் வருவதே இல்லை. உப்பு தூவாத, வெயிலடிக்கிற நாளாகப் பார்த்து அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். முடியாதென்றால் தொடவே வேண்டாம்: பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், டயரில் காற்றைக் கூட்டுங்கள், ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கட்டை முட்டுக் கொடுங்கள். பின்பக்க டிரம் பிரேக் ஒட்டிக்கொள்ளாது.

கேள்வி: 40 வருடம் தாண்டிய காருக்கு எம்.ஓ.டி. சோதனை கட்டாயம் இல்லையே, விட்டுவிடலாமா?

பெரிய மாற்றம் செய்யாத காருக்குச் சட்டம் விட்டுவிட்டது. நீங்கள் விடாதீர்கள். அடியில் விளக்குப் பிடித்து, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, பிரேக்கை அளந்து சொல்ல ஓர் அந்நியர் வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிறார். நம் கண் அன்பால் பலவற்றைப் பார்க்காது.

கேள்வி: மகளுக்கு 17 வயது. இந்தக் காரில் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாமா?

ஓட்டுவதற்கு வேண்டாம். ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பின்னால் டிரம் பிரேக். புதுக் காரில் பழகட்டும். ஸ்பேனரை இன்றைக்கே கொடுக்கலாம். வால்வ் இடைவெளி வைப்பதில் தொடங்குங்கள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எட்டு வால்வுக்கும் 0.010 அங்குலம். முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றவும். முதல் வால்வ் முழுக்கத் திறந்து நிற்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்தால் ஆறாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. நீங்கள் சுற்றுங்கள், எந்த வால்வ் என்று அவள் சொல்லட்டும், ஃபீலர் கேஜும் அவள் கையிலேயே இருக்கட்டும்.