மன்னர்கள் வாங்காத கார்

கேள்வி: சில பழைய கார்கள் உலகத்திலேயே ஐந்தாறுதான் இருக்கின்றன என்கிறார்களே, அவ்வளவு குறைவாகவா செய்வார்கள்?

பதில்: செய்ய நினைத்தது நிறைய, விற்றதுதான் குறைவு! புகாட்டி ராயல் அப்படித்தான். இத்தாலியில் பிறந்து, அல்சாஸ் பகுதியின் மோல்ஸ்ஹைமில் தொழிற்சாலை நடத்திய எட்டோர் புகாட்டி, மன்னர்களுக்கென்றே ஒரு கார் கட்டினார். எட்டு சிலிண்டர், 12.7 லிட்டர் எஞ்சின். ரேடியேட்டர் மூடியில் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் யானை. இளம் வயதில் இறந்துபோன தம்பி, சிற்பி ரெம்பிராண்ட் வடித்தது. அந்த யானைக்காகவே எனக்கு இந்தக் காரின் மேல் தனிப் பாசம்.

25 கார் செய்வதாகத் திட்டம். 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. பணக்காரர்களும் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒரு மன்னர்கூட வாங்கவில்லை. விலைபோனவை மூன்றே மூன்று.

எட்டோர் சோர்ந்துவிடவில்லை. அதே எஞ்சினை ரயிலில் பொருத்தினார்! 1933 முதல் பிரான்சின் தண்டவாளங்களில் அந்த ரயில்கார்கள் பறந்தன. மன்னர்கள் வேண்டாமென்ற எஞ்சினில் டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் போனார்கள். என்னைக் கேட்டால் காரைவிடப் பெரிய சாதனை இதுதான்.

கட்டிய ஏழில் முதல் கார் விபத்தில் போக, மற்ற ஆறும் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று நியூயார்க்கில் காயலான் கடைவரை போய்விட்டது. 1943இல் அதை வாங்கிச் சீர்செய்தவர் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினீயர் சார்லஸ் செய்ன். பின்னாளில் அதைப் பரிசாகக் கொடுத்தார். யாருக்கு? போட்டிக் கம்பெனியை நிறுவிய ஹென்றி ஃபோர்டின் மியூசியத்துக்கு!