அக்கரைக்கு பஸ் எத்தனை மணிக்கு?

வைகுண்ட ஏகாதசி முடிந்த கையோடு வந்த தபால் கட்டைப் பிரித்தேன். சொர்க்கவாசல் வழியாகப் போனதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஊர் திரும்பிய கதையைத்தான் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பதில்கள் முழுக்க லால்குடித் தடத்துக்கே.

"ஸ்ரீரங்கம் ஒரு தீவு என்றால் பேரன் சிரிக்கிறான். 'தீவுன்னா சுத்தி கடல் இருக்கணும் தாத்தா' என்கிறான். என்ன சொல்லி அவன் வாயை அடைப்பது?"
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், லால்குடி*

வாயை அடைக்க வேண்டாம், முக்கொம்புக்கு அழைத்துப் போங்கள். காவிரி இரண்டாகப் பிரிவதைக் கண்ணாலேயே பார்க்கட்டும். தெற்குக் கிளை காவிரி என்ற பேரைத் தானே வைத்துக்கொண்டது. வடக்குக் கிளை கொள்ளிடம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தனித்தனியாக ஓடி, கல்லணைப் பக்கம் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட நிலம்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்கோவிலும். சுற்றியிருக்கும் தண்ணீர் உப்புக் கரிக்க வேண்டும் என்று எந்தப் பூகோளப் புத்தகமும் சொல்லவில்லை. நாம் கொள்ளிடத்துக்கு வடகரை. ஆகவே லால்குடியிலிருந்து ரங்கநாதரைச் சேவிக்கப் போகிற அத்தனை பேரும் தீவுச் சுற்றுலாப் பயணிகளே.

பாலம் இருப்பதால் போகும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் திருவானைக்கோவில் ஸ்டாப்பிங்கில் நிற்கும்போதுதான் உறைக்கும்.

"காலையில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போகிறேன். மாலையில் அதே பஸ் கால் வைக்க இடமில்லாமல் வருகிறது. பெருமாளைப் பார்த்த புண்ணியம் இவ்வளவுதானா?"
*– வாசகி, ஆங்கரை*

புண்ணியத்தின் மேல் பழி போடாதீர்கள். காலையில் பஸ் உங்கள் ஊரில் கிளம்புகிறது. மாலையில் சத்திரத்தில் கிளம்புகிறது. விஷயம் அவ்வளவுதான். சத்திரம் பேருந்து நிலையத்திலேயே சீட் நிரம்பிவிடும். தெப்பக்குளத்தில் ஜவுளி எடுத்தவர்கள் மடியில் ஒரு பை, காலடியில் இரண்டு பை என்று உட்கார்ந்திருப்பார்கள். காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலையில் நிற்கிற இடமும் போய்விடும். திருவானைக்கோவிலில் கையில் துளசி மாலையோடு நீங்கள் நிற்கும்போது, படிக்கட்டில் இருப்பவர் உங்களைப் பார்க்கிற பார்வையில் கொஞ்சம்கூடப் பக்தி இருக்காது.

இதற்குத் தீர்வு என்று நம் ஊரில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. சத்திரம் கட்சி சொல்வது: வடக்கே போக வேண்டுமானால் முதலில் தெற்கே போ. ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, காவிரியைக் கடந்து சத்திரத்தில் இறங்கி, காலியாக நிற்கும் லால்குடி பஸ்ஸில் துண்டு போட்டு உட்கார். அப்புறம் அதே காவிரியை மறுபடி கடந்து, விட்டுவந்த தீவை மறுபடி ஜன்னல் வழியாகப் பார்த்து, கொள்ளிடத்தையும் தாண்டி வீடு போய்ச் சேர். ஒரு ஆற்றைக் கடக்க வேண்டியவர் மூன்று தடவை ஆறு கடக்கிறார். கேட்கச் சிரிப்பாக இருக்கும். முழங்கால் வலியோடு ஒரு பாட்டியை அழைத்துப் போனவரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்.

டோல்கேட் கட்சிக்காரர்களுக்குப் பொறுமை கிடையாது. எந்த ஊர் பஸ் வந்தாலும் ஏறு, முதலில் தீவை விட்டு வெளியேறு, மிச்சத்தை நம்பர் ஒன் டோல்கேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். சமயபுரம் பஸ்ஸோ மண்ணச்சநல்லூர் பஸ்ஸோ, கொள்ளிடம் தாண்டினால் சரி. எனக்கு இந்தக் கட்சியைப் பிடிக்கும். கால் வடகரையில் பட்டுவிட்டால் பாதி வீட்டுக்கு வந்த தெம்பு. அங்கே லால்குடிப் பக்கம் போகிற பஸ்கள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல வருவதும் உண்டு, அரைமணி நேரம் ஒன்றுகூட வராததும் உண்டு. தேங்காய் பன் சாப்பிட நேரம் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் கட்சி சின்னக் கட்சி, ஆனால் அசைக்க முடியாத கட்சி. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஏறினால் பிச்சாண்டார்கோவில், வாளாடி, அப்புறம் நம் ஊர். டிராஃபிக் கிடையாது, டோல்கேட் சிக்னல் கிடையாது. நேரம் தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். முன்னால் வந்து நிற்கிற ரயிலில் எல்லாம் ஏறிவிடாதீர்கள். லால்குடியில் நிற்காத வண்டியில் ஏறி, நம் ஊர் பிளாட்பாரத்துக்குக் கையாட்டிக்கொண்டே அரியலூர் போனவர்கள் உண்டு.

"டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம். வீட்டுக்காரருக்கு மட்டும் டிக்கெட். வழி முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார்."
*– வாசகி, பூவாளூர்*

2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது அதற்கு முன்பிருந்தே இருபாலருக்கும் இலவசம்.

"பழைய இரும்புப் பாலத்தில் போன காலமே தனி சுகம் என்று அப்பா பெருமூச்சு விடுகிறார். நிஜமாகவே சுகமா?"
*– வாசகர், வாளாடி*

காற்று சுகம், மற்றதெல்லாம் உங்கள் அப்பாவின் இளமை. 1928-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய பாலம் அது. வண்டியும் மாடும் சைக்கிளும் போவதற்குப் போதுமான அகலம். எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் இரண்டு டிரைவர்களும் ஒருவர் சட்டைப் பித்தானை ஒருவர் எண்ணலாம். 2016-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தபிறகு, பழையதற்கு ஓய்வு கொடுத்து நடைப்பயிற்சிக்காரர்களிடம் விட்டார்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் கரைபுரண்டபோது அதன் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தை மறித்து நின்ற மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போயின. அந்த மேலணை 1836-ல் ஆர்தர் காட்டன் ஆரம்பித்த வேலை. காவிரிக்குத் தாங்காத வெள்ளத்தை எல்லாம் கொள்ளிடத்தில் திருப்புவதுதான் இங்கே நடைமுறை. வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்து, இதற்கு எதற்கு இத்தனை நீளப் பாலம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஆகஸ்டு பதில் சொல்லிவிட்டது.

நம் பக்கத்துப் பாலம்தான் படுத்தும் என்றில்லை. 1976-ல் வந்த காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை பராமரிப்புக்காக மூடினார்கள். திருச்சிக்காரர்கள் தீவுக்கு வர ஊரைச் சுற்றினார்கள். வடகரைக்காரர்களான நமக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். சத்திரம் கட்சிக்கு மட்டும் அந்த ஆறு மாதமும் சோதனைக் காலம்.

"கோவிலின் வடக்கு வாசல் வழியாக வந்து கொஞ்சம் நடந்தால் கொள்ளிடக்கரை. கோடையில் வெறும் மணல்தானே? அப்படியே நடந்து கடந்துவிட்டால் என்ன?"
*– இளைஞர், மாந்துறை*

கரை தெரியும், ஊர் தெரியாது. எதிர்க்கரையில் ஏறினாலும் லால்குடி கிழக்கே எத்தனையோ கிலோமீட்டர். மணல் அள்ளிய குழிகளுக்கு மேலே தண்ணீர் தேங்கி, முழங்கால் ஆழம் மாதிரிதான் தெரியும். முக்கொம்பில் தண்ணீர் திறந்தால் உங்களுக்குத் தனியாகத் தகவல் வராது. 156 ஏக்கர் கோவிலின் ஏழு பிரகாரத்தையும் சுற்றியபிறகு இன்னும் நடக்கத் தெம்பிருந்தால், தெற்கு ராஜகோபுரத்துக்குத் திரும்பிப் போய் 236 அடியையும் அண்ணாந்து பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். 1987-ல் முடிந்த கோபுரம். பல நூறு வருஷம் மொட்டையாக நின்றது. நீங்கள் பஸ்ஸுக்கு அரைமணி நிற்கலாம்.

"இந்தத் தீவுக்கு வந்து ஊர் திரும்ப முடியாமல் போனவர் யாராவது உண்டா?"
*– கல்லூரி மாணவி, லால்குடி*

முதல் ஆளே பெருமாள்தான். ஸ்தலபுராணப்படி, ராமனிடமிருந்து ரங்க விமானத்தை வாங்கிக்கொண்டு விபீஷணன் இலங்கைக்குப் போகிறான். வழியில் காவிரிக்கரையில் இறக்கி வைத்தான். திரும்ப எடுக்க வரவில்லை. ஒரு தீவுக்குக் கொண்டுபோக வேண்டியது இன்னொரு தீவில் தங்கிவிட்டது. அழுத விபீஷணனுக்கு ஆறுதலாக, நீ இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்தே படுத்துக்கொள்கிறேன் என்றாராம். இன்றைக்கும் தெற்குப் பார்த்தபடிதான் பள்ளிகொண்டிருக்கிறார். வடக்கே இருக்கும் லால்குடிக்காரர்கள் பஸ்ஸுக்குத் தவிப்பதை அவர் கவனிக்காமல் இருப்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

உற்சவர் நம்பெருமாளுக்கு வேறு மாதிரி சோதனை. 1323-ல் டில்லிப் படை வந்தபோது வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் அவரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார். பாண்டிநாடு, கேரளம், திருப்பதி என்று அலைந்து நம்பெருமாள் தீவுக்குத் திரும்பியது 1371-ல்; விஜயநகரத் தளபதி கோபணாரியர் கொண்டுவந்து சேர்த்தார். 48 வருஷம். அதற்குள் பழைய முகங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. வந்திருப்பது நம் பெருமாள்தானா என்று அடையாளம் சொல்லக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு நிமிஷம் பஸ் லேட்டானதற்குப் போக்குவரத்துக் கழகத்துக்குப் புகார் எழுதிய வாசகர் இந்தப் பதிலை இரண்டு தடவை படிக்கவும்.

"ஸ்ரீரங்கம் போய்வருகிறேன் என்று காலையில் கிளம்பினவர் ராத்திரி பத்தரைக்கு வருகிறார். கேட்டால் பஸ் கிடைக்கவில்லை என்கிறார். நம்பலாமா?"
*– இல்லத்தரசி, லால்குடி*

இதற்குக் கோவிலிலேயே முன்மாதிரி இருக்கிறது. பங்குனி உற்சவத்தில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் போய், கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளித் திரும்புகிறார். தீவிலிருந்து நிலத்துக்கு ஒருநாள் பயணம். பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கத்துத் தாயார் சன்னதிக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும். விரலில் மோதிரம் எங்கே என்று கேள்வி வரும். தொலைந்துவிட்டது என்பார். வாழை மட்டையும் பூவும் பழமும் பறக்கும். மட்டையடி உற்சவம் என்றே அதற்குப் பேர். கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் பேசித்தான் கதவு திறக்கிறது.

உங்கள் வீட்டுக்காரரிடம் மோதிரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பஸ்தான் காரணம்.

"ஆற்றைக் கடக்கும் அவஸ்தையே இல்லாமல் ஸ்ரீரங்கத்துச் சொந்தத்தைப் பார்க்க வழி உண்டா?"
*– வாசகர், புள்ளம்பாடி*

சமயபுரத்தாளைக் கேளுங்கள். தைப்பூசத்துக்கு அவள் கொள்ளிடத்தின் வடகரை வரைதான் வருகிறாள். அண்ணன் ரங்கநாதர் வீட்டுச் சீர்வரிசை ஆற்றைத் தாண்டி அவளைத் தேடி வருகிறது. அண்ணன் அந்தஸ்து அப்படி. உங்கள் மைத்துனர் எப்படி என்று எனக்குத் தெரியாது.

"உலகத்தில் நம்மைவிட மோசமாகத் தீவில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களா?"
*– வாசகர், அன்பில்*

நிறைய. இங்கிலாந்தின் வடகிழக்கே லிண்டிஸ்ஃபார்ன் என்று ஒரு புண்ணியத் தீவு. அங்கே போகிற சாலை நாளுக்கு இரண்டு தடவை கடலுக்குள் போய்விடும். அலை அட்டவணை பார்க்காமல் காரில் கிளம்பியவர்கள் ஏறி உட்காருவதற்காகவே வழியில் கால்கள் வைத்த ஒரு கூண்டு கட்டியிருக்கிறார்கள். கார் மூழ்குவதை அங்கிருந்தே பார்க்கலாம். சிங்கப்பூரில் புலாவ் உபின் போனால் படகுக்குப் பன்னிரண்டு பேர் சேர வேண்டும். நம் ஷேர் ஆட்டோ டிரைவருக்கு அந்தப் பொறுமை உண்டு, எண்ணிக்கையில் கட்டுப்பாடு கிடையாது. யாழ்ப்பாணத்து நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குறிகட்டுவானுக்குத் திரும்புகிறவர்கள் கடைசிப் படகை மனதில் வைத்துத்தான் அர்ச்சனைச் சீட்டே வாங்குவார்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். பாறைக்குப் பாறை நடக்கலாம். கரைக்கு வர இன்னமும் படகு வரிசையில்தான் நிற்க வேண்டும்.

"நின்றுகொண்டே வரும்போது பொழுது போக என்ன செய்யலாம்?"
*– வாசகர், மணக்கால்*

காதில் லால்குடி ஜெயராமன் தில்லானா ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர் பேரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். கையைத் தாளம் போட மட்டும் விட்டுவிடாதீர்கள். டோல்கேட் வளைவில் கம்பி தேவைப்படும்.

"இத்தனை அவஸ்தைக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஃப்ளாட் வாங்கிப் போய்விட்டால் என்ன?"
*– வாசகர், லால்குடி*

தாராளமாக. ஆனால் வயலும் மாமனார் வீடும் லால்குடியிலேயே இருக்கும். அறுவடை, கல்யாணம், காதுகுத்து என்று மாதம் நாலு தடவையாவது வர வேண்டியிருக்கும். அதற்கு பஸ் ஏற வேண்டிய இடம் திருவானைக்கோவில் ஸ்டாப்பிங்.